பாலைவன ஊரில் சீதாலெட்சுமி அக்கா சாப்பிட்ட கடைகள்

சீதாலெட்சுமி அக்காவும் நானும் பதினாறு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். கோலாலம்பூரில் டெலிபோனில் 103 என்று சுழற்றினால் பதில் சொல்லும் பெண்கள் நாங்கள். யாருக்காவது ஒரு கடையின் நம்பரோ ஆளின் நம்பரோ வேண்டுமென்றால் எங்களைத்தான் கேட்பார்கள். ஒரு ஷிப்டுக்கு ஐந்நூறு குரல்களாவது காதுக்குள் போய் வரும். எனக்குப் பாதி நாள் எரிச்சலாக இருக்கும். அக்காவுக்கு அப்படி இல்லை. பெயரைத் தப்பாகச் சொல்கிறவர்கள், தெருவை மறந்தவர்கள், போனை எடுத்தபின் எதைக் கேட்க வந்தோம் என்று முழிக்கிறவர்கள், எல்லோரிடமும் இரண்டே கேள்வி கேட்டு வேண்டியதை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அவர் பிறந்தது ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். இருபது வயதில் டெலிபோன் இலாகாவில் சேர்ந்தார். கணவர் வேலாயுதம் ரயில்வேயில் கார்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கோர்ட்டர்ஸில் வீடு. ஒரே மகள் வாசுகி.

எண்பத்திரண்டாம் வருடம் அக்கா இளைக்கத் தொடங்கினார். நல்ல கட்டுமஸ்தான உடம்பு அவருக்கு. இரண்டு வருடத்தில் முப்பத்தெட்டு கிலோவுக்கு வந்துவிட்டார். எந்நேரமும் வயிற்றுப்போக்கு. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கழிவறைக்கு ஓடுவார். அந்த நேரத்தில் அவருடைய அழைப்புகளையும் சேர்த்து நான் எடுப்பேன். ஒரு கிளினிக்கில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். இன்னொன்றில் இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை. வேலாயுதம் அண்ணன் அக்காவை ரவாங்கில் சாமி பார்க்கிற ஒருவரிடம் அழைத்துப் போய்க் கையில் கறுப்புக் கயிறு கட்டிக் கூட்டி வந்தார். வேலை இடத்தில் பாதிப் பேர் அது புற்றுநோய்தான் என்று தீர்மானித்துவிட்டார்கள். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் பயந்தேன்.

எண்பத்து நாலில் அக்காவைப் பார்த்தவர் டாக்டர் சண்முகரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம்; டப்ளினில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். நீளக் குழாயின் நுனியில் மாத்திரை மாதிரி ஒன்றைப் பொருத்தி விழுங்கச் சொல்லி, குடலில் துளி சதை எடுத்துப் பரிசோதித்தார். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் க்ளூட்டன் என்ற பசைப் பொருள் அக்காவின் குடலுக்கு ஆகவில்லை என்று கண்டுபிடித்தார். அயர்லாந்தில் இது சாதாரணம் என்றும், இங்கே தான் பார்க்கும் முதல் தமிழ் நோயாளி அக்காதான் என்றும் சொன்னாராம். இதற்கு மருந்து கிடையாது. அந்த மூன்றையும் சாகும்வரை தொடக்கூடாது, அவ்வளவுதான்.

அக்கா அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். ரொட்டி சானாய்? கூடாது. சப்பாத்தி, பூரி, மீ கோரேங் நூடுல்ஸ்? கூடாது. மைலோ? அந்தப் பானத்திலும் பார்லி இருக்கிறது. கிச்சாப்பு என்கிற சோயா சாஸ்? சோயாவோடு கோதுமையும் சேர்த்துத்தான் அதைக் காய்ச்சுகிறார்கள். கடைசியில் டாக்டரே சிரித்துவிட்டாராம். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தினமும் காலையில் பரோட்டா மாதிரியான அந்த ரொட்டி சானாய் இரண்டு சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வருகிறவர்.

மூன்று மாதத்தில் முகம் தெளிந்தது. ஆனாலும் வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் பழைய தொல்லை வந்தது. அக்கா ஒரு நோட்டில் சாப்பிட்டதை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு ரசம் வைத்த நாளில்தான் வருகிறது என்று பிடித்தார். ரசத்தில் ஏது கோதுமை? புளி, மிளகு, சீரகம் என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். முடிவில் பெருங்காய டப்பாவை எடுத்து, வேலாயுதம் அண்ணனின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தால், அதில் கோதுமை மாவு கலந்திருந்தது. மறுநாள் டப்பாவை வேலைக்கே கொண்டு வந்து எனக்குக் காட்டினார். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த போலீஸ்காரர் மாதிரி இருந்தது அவர் முகம்.

அதிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் கேட்காமல் உட்கார மாட்டார். தோசை மாவில் என்ன கலந்தீர்கள், குழம்பைக் கெட்டியாக்க என்ன போட்டீர்கள், வடை பொரித்த எண்ணெயில் வேறு என்ன பொரித்தீர்கள்? பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர்கள் அவருக்கு ‘மாவு அக்கா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அக்கா அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. உடம்பு தேறி, பழையபடி சேலைக்கு ஏற்ற ஆளாகிவிட்டார்.

வாசுகி படிப்பில் கெட்டி. உதவிச் சம்பளம் கிடைத்து அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்ற ஊருக்குப் படிக்கப் போனாள். நிலத்தடி நீரைப் பற்றிய படிப்பு. டூசான் பாலைவனத்துக்கு நடுவில் இருக்கும் ஊர். மழை கொட்டுகிற ஊரிலிருந்து தண்ணீரைப் பற்றிப் படிக்க மழையே பெய்யாத ஊருக்குப் போகிறாளே என்று நாங்கள் கேலி செய்வோம். தொண்ணூறாம் வருடம் மே மாதம் பட்டமளிப்பு விழா, அம்மாவும் அப்பாவும் வரவேண்டும் என்று எழுதியிருந்தாள்.

வேலாயுதம் அண்ணனுக்கு அந்த வருடத் தொடக்கத்தில்தான் இருதய ஆபரேஷன் ஆகியிருந்தது. நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா தனியாகப் போவதா என்று தயங்கினார். விமானம் அவரைப் பயமுறுத்தவில்லை. சாப்பாடுதான் பயமுறுத்தியது.

“அங்க எல்லாமே ரொட்டி தானே இராஜம்மா,” என்றார் என்னிடம். “பன்னு, பர்கர், பிட்சா. நான் அங்க போயி படுத்துட்டேன்னா பிள்ளைக்குத் தொல்லை.”

“போயிட்டு வாங்கக்கா லா,” என்றேன். “பிள்ளை பட்டம் வாங்குறத யாரு பாக்குறது?”

பன்னிரண்டு நாளைக்குத் தேவையானதைப் பெட்டியில் கட்டினார். வறுத்த அரிசி மாவு, பீஹூன் என்கிற அரிசிச் சேமியா பாக்கெட்டுகள், அரிசி, பருப்புப் பொடி, சின்ன ரைஸ் குக்கர் ஒன்று. கைப்பையில் வாழைப்பழ வற்றலும் கடலை மிட்டாயும். விமானத்தில் ‘ஹிந்து மீல்’ என்று கேட்டு வாங்கியதில் சப்பாத்தியும் ரவை உப்புமாவும் வந்ததாம். தோக்கியோ வரைக்கும் கடலை மிட்டாய், அங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரைக்கும் வற்றல் என்று சமாளித்துவிட்டார். ஆனால் டூசானில் இறங்கிப் பார்த்தபோது பெட்டி வரவில்லை. எங்கோ விமானம் மாறின இடத்தில் தங்கிவிட்டது. நாலைந்து நாளில் வரும் என்றார்கள்.

வாசுகி அறையைக் காலி செய்துவிட்டு, அம்மாவுக்காக ஒரு மோட்டலில் இடம் எடுத்திருந்தாள். அடுப்பு கிடையாது. வெளியே வெயில் நெருப்பாக அடித்தது. ஆனால் ஒரு பொட்டு வியர்வை இல்லை, துவைத்துப் போட்ட சேலை அரை மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது என்று அக்கா ஆச்சரியமாகச் சொல்வார். வீதி ஓரத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குக் கள்ளிச் செடிகள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றனவாம்.

மறுநாள் மத்தியானம் வாசுகி அம்மாவைத் தனக்குப் பிடித்த ஒரு மெக்சிகோ சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனாள். மெக்சிகோக்காரர்கள் சோளத்தை அரைத்துச் சுடுகிற தொர்த்தியா என்ற ரொட்டி அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளும் என்று மாதக்கணக்காக நினைத்து வைத்திருந்தவள் அவள். பரிமாறுகிற இளைஞனிடம் சோளம்தானே என்று கேட்டதற்கு, சோளம்தான், ஒன்றும் பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். வந்தது வெள்ளையாக, மெத்தென்று இருந்தது. கோழிக் கறியைச் சுற்றியிருந்த அதைப் பிய்த்தால் இழுபட்டது.

இந்த இடத்தை அக்கா என்னிடம் சொன்னபோது கொஞ்சம் வெட்கப்பட்டார்.

“மொத வாய்லயே தெரிஞ்சு போச்சு இராஜம்மா. சோளம் அப்படி இழுபடாது. ஆனா பிள்ளை என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கா. பசி வேற. ஆறு வருஷம் கழிச்சு வாயில படுது. உண்மையச் சொல்லவா? ரெண்டாவது வாய் சந்தேகத்துக்குச் சாப்பிட்டேன். மூணாவது வாய் ஆசைக்குச் சாப்பிட்டேன்.”

அதற்குப் பிறகுதான் கையை எடுத்தார். சமையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அது கோதுமைதான் என்று தெரிந்தது. அந்தப் பக்கத்தில் இரண்டு விதமும் உண்டு. கேட்காவிட்டால் கோதுமையைத்தான் கொடுப்பார்களாம். பரிமாறினவனுக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. அன்று மாலையிலிருந்து மறுநாள் முழுவதும் அக்கா கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில் கிடந்தார். வாசுகி வெள்ளைச் சோறு வாங்கி வந்து வைத்துக்கொண்டு அழுதாள். தன்னால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்று அவளுக்கு.

வியாழக்கிழமை காலை அக்கா எழுந்து குளித்தார். கட்டில் பக்கத்து மேசை இழுப்பறையைத் திறந்தால் உள்ளே மஞ்சள் தாளில் தடித்த டெலிபோன் டைரக்டரி இருந்தது. ஊருக்குள் பேச மோட்டலில் தனிக் கட்டணம் இல்லை என்று எழுதி ஒட்டியிருந்தது. முப்பத்திரண்டு வருடம் டைரக்டரியோடு வாழ்ந்தவருக்கு அதைப் பார்த்ததும் உடம்பில் தெம்பு வந்துவிட்டது. வாசுகியிடம் ஒரு பேனா கேட்டார்.

“அம்மா, வேணாம்மா. என்ன நினைப்பாங்க?” என்றாள் வாசுகி.

“என்ன வேணும்னாலும் நினைக்கட்டும். அவங்களுக்கு என் மூஞ்சி தெரியவா போகுது?” என்றார் அக்கா.

இரண்டரை மணி நேரத்தில் முப்பத்தொரு சாப்பாட்டுக் கடைகளுக்குப் போன் போட்டார். கோதுமை உண்டா இல்லையா என்று நேராகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். உங்கள் குழம்பைக் கெட்டியாக்க என்ன போடுகிறீர்கள், பொரிக்கிற எண்ணெயில் வேறு என்ன விழும், சோள ரொட்டி சுடுகிற கல்லில் மற்ற ரொட்டியும் போடுவீர்களா என்று கேட்டார். பத்தொன்பது கடைகளில் கேள்வி முடிவதற்குள் ஒன்றும் பிரச்சினை இல்லை, தாராளமாக வாருங்கள் என்றார்கள். ஆறு கடைகளில் பொறுமை இல்லாமல் வைத்துவிட்டார்கள். மற்ற ஆறு கடைகளில், கொஞ்சம் இருங்கள், உள்ளே கேட்டு வருகிறேன் என்றார்கள். அந்த ஆறு பெயரை மட்டும் அக்கா வட்டம் போட்டுக்கொண்டார்.

உடனே சரி என்று சொன்ன பத்தொன்பது கடைகளை ஏன் விட்டாய் என்று வாசுகி கேட்டிருக்கிறாள். தெரியாதவன்தான் உடனே சரி என்பான், தெரிந்தவனுக்குச் சந்தேகம் வரும் என்றாராம் அக்கா. குரலை வைத்தே ஆளைச் சொல்வது எங்கள் வேலையில் தானாக வந்துவிடும். ஆனால் அதைச் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான்.

ஆறில் முதல் கடை ஊரின் தெற்குப் பக்கம் இருந்தது. போனை எடுத்த பெண் ரிசீவரைப் பலகையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பாத்திரச் சத்தம், ரேடியோ, இரண்டு பெண்கள் ஸ்பானிஷ் மொழியில் வாதாடுவது எல்லாம் நாலு நிமிடம் காதில் விழுந்தது. பிறகு வயதான ஒரு குரல் வந்தது. நோய் யாருக்கு என்று கேட்டது. எனக்குத்தான் என்றார் அக்கா. மூன்று மணிக்கு வா, கூட்டம் குறைந்திருக்கும், நான் கல்லைக் கழுவி வைக்கிறேன் என்றது அந்தக் குரல்.

பஸ் பிடித்துப் போனார்கள். கடை சின்னது, எட்டு மேசை. குரலுக்கு உரியவள் டெல்ஃபீனா என்ற குட்டையான அம்மாள். அக்காவை நேராகச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே பெரிய அண்டாவில் சோளம் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏன் கலங்கலாக இருக்கிறது என்று கேட்டதற்கு ஒரு வெள்ளைப் பொடியை எடுத்துக் காட்டினாள். அக்கா விரலில் தொட்டுப் பார்த்தார். சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடுகிற அதே சுண்ணாம்பு. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் நீக்கி அரைத்தால்தான் மாவு பிடிபடுமாம். பக்கத்தில் சீரகம், கொத்தமல்லித் தழை, காய்ந்த மிளகாய், ஒரு சட்டியில் புளி. மாட்டிறைச்சி வேண்டாம் என்று மட்டும் அக்கா சொன்னார். டெல்ஃபீனா கோழியை மிளகாய் விழுதில் வேகவைத்து, சோள மாவுக்குள் வைத்து, சோளத் தோகையில் மடித்து ஆவியில் அவித்த ஒன்றைத் தட்டில் போட்டாள். இலைக் கொழுக்கட்டையை உறைப்பாகச் செய்த மாதிரி இருந்தது என்றார் அக்கா. நாலு சாப்பிட்டாராம். சாப்பிட்டு முடிக்கும் வரை அந்த அம்மாள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை போனது ஒரு வியட்நாமியக் கடை. அங்கே முதல் நாள் போனில் பேசும்போதே ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. அக்கா ஆங்கிலத்தில் சோயா சாஸ் போடாமல் முடியுமா என்று கேட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் கடைசியில் எங்கள் ஊர்ப் பேச்சில் வருகிற ஒரு ‘லா’வும் போட்டுவிட்டார். அதைக் கேட்டதும் அந்த ஆள், சிஸ்டர், நீங்கள் மலேசியாவா என்று கேட்டார். உள்ளே போய் மனைவியைக் கூட்டி வந்து அவளிடமும் போனைக் கொடுத்திருக்கிறார்.

அவர் பெயர் டிங். எழுபத்தொன்பதில் படகில் வந்து, திரெங்கானுவுக்கு அப்பால் இருக்கும் பீடோங் தீவு அகதி முகாமில் பதினொரு மாதம் இருந்தவர். மூத்த மகள் அங்கேதான் பிறந்தாளாம். கடைக்குப் போனதும் மீன் சாஸ் போத்தலைக் கொண்டு வந்து வைத்தார். அக்காவும் அவரும் தலையோடு தலை வைத்து லேபிளைப் படித்தார்கள். மீன், உப்பு, சர்க்கரை. வேறு ஒன்றும் இல்லை. தனிச் சட்டியில் கோழி சூப் வைத்து, கொய்தியோ என்கிற பட்டையான அரிசி நூடுல்ஸைப் போட்டு, எலுமிச்சையும் புதினாவும் தனியாகக் கொடுத்தார்.

அவருக்கு மலாயில் இருபது சொற்கள் ஞாபகம் இருந்தன. ஆயிர், நாசி, ஈக்கான், தெரிமா காசே என்று தண்ணீர், சோறு, மீன், நன்றி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக் காட்டினார். கோலாலம்பூரைப் பஸ் சன்னல் வழியாக ஒரே ஒரு முறை பார்த்ததாகவும், பச்சைப் பசேல் என்று இருந்ததாகவும் சொன்னார். இந்தப் பாலைவனத்தில் கண் பச்சையைத்தான் தேடுகிறது என்றாராம். அக்கா வாசுகியின் படிப்பைப் பற்றிச் சொன்னார். நிலத்துக்கு அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று டிங் வாசுகியிடம் கேட்டார். இருக்கிறது, ஆழத்தில் இருக்கிறது என்றாள் அவள்.

பெட்டி அன்று சாயங்காலம் வந்து சேர்ந்தது. அக்கா திறந்து, மாற்றுச் சேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பட்டமளிப்பு. கறுப்பு அங்கி போட்ட கூட்டத்தில் தன் மகளைக் கண்டுபிடிக்க முடியாமல், பெயர் வாசித்தபோதுதான் அக்கா பார்த்தாராம். அவர்கள் ‘வாசுகி’யை வேறு எப்படியெல்லாமோ உச்சரித்தார்கள். தப்பாகச் சொன்ன பெயரைப் புரிந்துகொள்வது அக்காவுக்குப் புதிதா? எழுந்து நின்று கை தட்டினார்.

இராச் சாப்பாட்டுக்கு வாசுகியின் பேராசிரியரும் ஆறு தோழர்களும் வந்தார்கள். டெல்ஃபீனா இரண்டு மேசையை ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருந்தாள். யாருக்கும் எதுவும் சொல்லாமல் அந்த மேசைக்கு வந்த எல்லாவற்றையும் சோளத்திலும் அரிசியிலுமே செய்து வைத்துவிட்டாள். அக்கா முதல் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வழக்கம்போல் கேட்க வாயைத் திறந்தார். டெல்ஃபீனா தலையை ஆட்டினாள்.

“எல்லாம் உனக்குத்தான். பேசாமல் சாப்பிடு,” என்றாளாம் ஆங்கிலத்தில்.

அக்கா அதைச் சொன்னபோது நாங்கள் இரவு ஷிப்டு முடிந்து லெபோ அம்பாங் பக்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். “ஆறு வருஷமா எந்த மேசையில உக்காந்தாலும் எனக்கு மட்டும் தனித் தட்டு இராஜம்மா. அன்னிக்கு எல்லாரும் எடுத்த பாத்திரத்துலயே நானும் எடுத்தேன். பேராசிரியர் எடுத்த கரண்டியிலயே எடுத்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று பார்த்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

மீதி நாட்களில் இன்னும் மூன்று கடைகளில் சாப்பிட்டார். ஆறாவது கடையில் அடுப்பைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்துவிட்டார். கிளம்புவதற்கு முன் ஐந்து கடைகளின் பெயர், முகவரி, என்ன கேட்கலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதினார். வாசுகி அதை டைப் செய்து, கீழே அம்மாவின் முகவரியையும் போட்டு, பல்கலைக்கழக மருத்துவமனையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். எட்டு மாதம் கழித்து டூசானிலிருந்து அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஏழு வயது மகளுக்கு இதே நோய் உள்ள ஒரு தாய் எழுதியிருந்தாள். அந்தப் பிள்ளை பிறந்தநாளுக்கு முதன்முறையாகக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதாம். அக்கா அந்தக் கடிதத்தை டாக்டர் சண்முகரத்தினத்திடம் காட்டினார். அவர் அதைப் படித்துவிட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்போது தன்னிடம் ஏழு பேர் இருக்கிறார்கள், உங்கள் நம்பரை அவர்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

அப்படித்தான் வீட்டுக்கும் போன் வரத் தொடங்கியது. ரவாங்கில் ஒரு பஞ்சாபி லோரி முதலாளி, கிள்ளான் கான்வென்டில் ஓர் அயர்லாந்துக் கன்னியாஸ்திரி, பூச்சோங்கில் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண். அக்கா எங்கள் டைரக்டரியையே எடுத்து வைத்துக்கொண்டு, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரைக்கும் சாப்பாட்டுக் கடைகளை ஓய்வு நாட்களில் விசாரித்துப் பட்டியல் போட்டார். வேலாயுதம் அண்ணன் கூடவே போய்ச் சாப்பிட்டுப் பார்ப்பார். ஆபரேஷன் ஆன மனுஷனுக்கு அது நல்ல பொழுதுபோக்காக இருந்தது. தொண்ணூற்று மூன்றில் அக்கா ஓய்வு பெற்றபோது பட்டியலில் நாற்பத்திரண்டு கடைகள் இருந்தன.

வாசுகிக்கு ஷா ஆலாமில் தண்ணீர் சம்பந்தமான வேலை கிடைத்தது. தொண்ணூற்றைந்தில் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். எழுநூறு பேருக்குச் சமையல். சமையல்காரர் தங்கமணியோடு வாசுகியே உட்கார்ந்து பேசி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்தாள். பூரி இல்லை, சேமியா இல்லை, கேசரி இல்லை. கடலை மாவு லட்டு, அரிசி அதிரசம், ஜவ்வரிசிப் பாயசம், சோறு, ஏழு வகைக் கறி. ஒருவரும் வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மட்டும், எங்கே கேசரியைக் காணோம் என்று கேட்டுவிட்டு, லட்டு இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

பெண்ணின் தாய் என்பதால் அக்கா கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாயசம் இரண்டு முறை வாங்கிக்கொண்டார். அந்தக் கோடியில் வேலாயுதம் அண்ணன் இலையை மூடிவிட்டுக் கை கழுவக் காத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் இருங்க, வரேன் என்று அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, அக்கா இன்னொரு அதிரசத்தை எடுத்துக்கொண்டார்.